போட்டோவில் நெருப்புச் சிவப்பு, என் தொட்டியில் சேற்றுப் பச்சை: ட்ராக்கி கோரல் வாங்கினதில் ஏமாந்துட்டேனா?

#1 கடற்குதிரை65 (சிங்கப்பூர்)

வணக்கம். ரெண்டு வருஷமா ரெண்டடி கடல்நீர்த் தொட்டியில் ஜோவா, மஷ்ரூம், ஒரு டார்ச்னு கோரல் (பவளம்) வெச்சிருக்கேன். போன வாரம் முதல் தடவையா ட்ராக்கிஃபில்லியாங்கிற கோரல் ஒண்ணு வாங்கினேன். இணையத்தில் தனியா விக்கிறவர்கிட்ட, 140 வெள்ளி. எனக்கு அது பெரிய தொகை, மூணு மாசம் சேர்த்து வெச்சது.

போட்டோவில் முழுக்க நெருப்பு மாதிரி சிவப்பு, நடுவில் வாய்ப்பக்கம் பச்சைக் கோடு. ராத்திரி வாங்கிட்டு வந்து விட்டேன். மறுநாள் லைட் ஏறினதும் பார்த்தா சேத்துப் பச்சையும் பழுப்பும். மடிப்போட ஓரத்தில் மட்டும் லேசா ரோஸ். அவர்கிட்ட கேட்டா, "லைட்டை நீலத்தில் வெச்சுப் பாருங்க"ங்கிறார். வெச்சேன். பச்சை நல்லா ஒளிருது, ஓரம் ஆரஞ்சா தெரியுது. ஆனா அந்த போட்டோ இல்லை.

விவரம்: எல்இடி, தண்ணிக்கு 25 செ.மீ. மேல. வெள்ளை 60%, நீலம் 70%. சில்லர் போட்டு 26 டிகிரி. உப்பு 1.025, நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.06. கோரல் நல்லா உப்பி நிக்குது, ராத்திரி வாய் திறந்து மைசிஸ் இறால் சாப்பிடுது. உடம்புக்கு ஒண்ணும் இல்லை. நிறம்தான் மனசை உறுத்துது. இது போட்டோ வேலையா, லைட் வேலையா, இல்லை நான் ஏதாவது தப்பு பண்றேனா?

#2 மெட்டல்ஹாலைட் (மெல்பர்ன்)

போட்டோ வேலைதான். நான் இருபது வருஷத்துக்கு மேல ரீஃப் டேங்க் வெச்சிருக்கேன். அப்ப 250 வாட் மெட்டல் ஹாலைட், 10000 கெல்வின் பல்பு. கடையில் எந்த நிறத்தில் பார்த்தோமோ அதே நிறம்தான் வீட்டிலயும். பிறகு 14000, 20000னு நீலம் ஏறிச்சு. எல்இடி வந்ததும் கடை முழுக்க 450 நானோமீட்டர் ராயல் ப்ளூ மட்டும் எரியுது, வெள்ளை விளக்கே போடறதில்லை. அந்த நீலத்தில் மலிவான பச்சை மஷ்ரூம்கூட வைரம் மாதிரி ஜொலிக்கும்.

அதுக்கு மேல போன் கேமராவில் ஆரஞ்சு ஃபில்டர், அதுக்கு மேல நிறத்தை ஏத்தற சாச்சுரேஷன். மூணு அடுக்கு. வெள்ளை லைட்டில் எடுத்த படம் கேளுங்க, தரலைன்னா வாங்காதீங்க. நான் அப்படித்தான் வாங்கறேன்.

#3 ஆழி_அன்பன் (பினாங்கு)

கொஞ்சம் பொறுங்கள். விற்றவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்வதற்கு முன் அந்தக் கோரலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ட்ராக்கியில் இது நிஜமாகவே சிக்கலான விஷயம்.

கோரலின் பழுப்பு அதனுடையது அன்று. திசுவுக்குள் குடியிருக்கும் ஜூசாந்தெல்லே பாசியின் நிறம் அது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறினால் பாசி பெருகும், பழுப்பு மற்றதையெல்லாம் மூடிவிடும். உங்கள் அளவுகள் நன்றாகத்தான் உள்ளன, அதனால் இதை விட்டுவிடுகிறேன்.

கோரல் தானே செய்துகொள்ளும் நிறமிகள் இரண்டு வகை. ஒன்று குரோமோபுரதம். ஊதா, நீலம், இளஞ்சிவப்பு அக்ரோபோராக்களில் (ஒரு பவள வகை) அதிகம். இது ஒளிராது. சில அலைநீளங்களை விழுங்கி மீதியைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். நம் சட்டையின் சாயம் எப்படியோ அப்படி. எல்லா நிறமும் கலந்த ஒளி பட்டால்தான் அது தெரியும். நீலம் மட்டும் எரியும் தொட்டியில் அழகான ஊதா அக்ரோ எடுப்பில்லாமல் மங்கிப்போய் நிற்பது இதனால்தான்.

மற்றது ஒளிர்புரதம். நீலத்தையோ ஊதாவையோ உள்வாங்கி, அதைவிட நீண்ட அலைநீளத்தில் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ வெளியிடும். 1944இலேயே ஜப்பானிய ஆய்வாளர் கவாகுட்டி, பலாவ் தீவில் கோரல்களின் பச்சை ஒளிர்நிறமியைப் பற்றி எழுதிவிட்டார். நியூ கலிடோனியாவின் நூமியாவில் 1956இல் மீன்காட்சியகம் திறந்த ரெனே கட்டாலா, புற ஊதா விளக்கின் கீழே ஒளிரும் கோரல்களைப் பொதுமக்களுக்குக் காட்டியவர். அந்தக் காட்சிதான் இன்றைக்கு நம் ஒவ்வொருவர் வீட்டுக் கூடத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த ஒளிர்வு நம் கண்ணுக்கு ஏன் இப்படிப் பளிச்சிடுகிறது என்றால், 450 நானோமீட்டர் நீலத்துக்கு மனிதக் கண்ணின் உணர்திறன் அதன் உச்சத்தில் நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை. 510 பச்சைக்கு ஏறக்குறைய ஐம்பது பங்கு. நீலத்தைப் பச்சையாக மாற்றித் தரும் கோரல், நமக்கு மங்கலாகத் தெரியும் ஒளியைப் பன்னிரண்டு பதின்மூன்று மடங்கு நன்றாகத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது. சுற்றிலும் இருட்டு, நடுவில் கோரல் மட்டும் விளக்கு. போட்டோ எடுக்கும் முன்பே, எடிட்டிங்குக்கும் முன்பே, கண்ணிலேயே இது நடந்துவிடுகிறது.

இனி உங்கள் ட்ராக்கி. 2002இல் ஜப்பானில் மியாவாகி குழுவினர் ட்ராக்கிஃபில்லியா ஜியோஃப்ராயியிலிருந்து ஒரு பச்சை ஒளிர்புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதில் ஒரு குப்பியை இரவு மேசைமேலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாள் பார்த்தால் அது மட்டும் சிவப்பு! பெட்டிக்குள் இருந்தவை பச்சையாகவே இருந்தன. ஜன்னல் வழியே வந்த வெயில்தான் காரணம். புற ஊதாவோ ஊதாவோ பட்டால் அந்தப் புரதம் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறிவிடுகிறது, திரும்பி வருவதில்லை. இலையுதிர்காலத்தில் சிவக்கும் மேப்பிள் இலைக்கு ஜப்பானியில் சொல்லும் 'கயேடே' என்ற பெயரையே அதற்கு வைத்தார்கள்.

ஆனால் உயிருள்ள கோரல் புதிது புதிதாகப் பச்சைப் புரதத்தைச் செய்துகொண்டே இருக்கும். ஊதா ஒளி கிடைத்தால் அது சிவக்கும், கிடைக்காவிட்டால் பச்சையாகவே தங்கும். சிவப்பு ட்ராக்கி எல்லாமே இதனால் சிவப்பு என்று சொல்ல மாட்டேன், வேறு சிவப்புப் புரதங்களும் உண்டு. ஆனாலும் உங்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: உங்கள் விளக்கில் 400 நானோமீட்டர் பக்கத்து ஊதா சானல் இருக்கிறதா, அதை எவ்வளவில் வைத்திருக்கிறீர்கள்? விற்றவர் தொட்டியில் எவ்வளவு?

#4 லென்ஸ்கோவை (துபாய்)

அக்கா, நான் கல்யாண போட்டோகிராபருங்க, ஊரு கோயமுத்தூர். கோரல் வெச்சு நாலு வருஷம்தான் ஆச்சு, ஆனா நிறத்தோட பொழுதுக்கும் மல்லுக்கட்டறது என் பொழப்பு. அதனால போட்டோ பக்கத்த மட்டும் சொல்றனுங்க.

நீல லைட்டுல போன எடுத்து நீட்டுனீங்கன்னா என்னாகும்? சென்சார்ல நீலச் சானல் நிரம்பி வழிஞ்சிரும், சிவப்பும் பச்சையும் பாதிப் பட்டினியா கெடக்கும். வழிஞ்ச எடத்துல விவரமே இருக்காது, மொத்தமா ஒரு நீல அப்பல். போனோட ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (வெள்ளைய வெள்ளையாக் காட்டற வேல) பகல் வெளிச்சம், ட்யூப்லைட், குண்டு பல்புன்னு இதுக்கெல்லாம் பழகுனதுங்க. இந்தளவு நீலத்துக்கு அதுகிட்ட எடமே இல்ல. அதனால எடிட் பண்ணாத படம்தான் உண்மைன்னு யாரும் நெனச்சிராதீங்க. அதுவும் பொய்தான், வேற திசையில.

சரியா எடுக்கணும்னா, கேமரா நெறத்த மாத்தாம அப்படியே சேமிக்கற ரா ஃபைல் எடுங்க. லைட்ரூம்ல ரா ஃபைலுக்கு கெல்வின் ஸ்லைடர் 50000 வரைக்கும் போகும். தொட்டிக்குள்ள வெள்ளப் பிவிசி துண்டு ஒண்ண வெச்சு அதுல கிளிக் பண்ணி ஒயிட் பேலன்ஸ் எடுக்கலாம். சுத்த நீலமா எரிஞ்சா அதுவும் கை குடுக்காது, கொஞ்சமாச்சும் வெள்ளையக் கூட்டிக்கணும். பம்ப்ப நிறுத்துங்க, கண்ணாடிக்கு நேர் செங்குத்தா நில்லுங்க. சாய்ச்சு எடுத்தா நிறம் ஓரத்துல பிரிஞ்சு அப்பிக்கும். சாதாக் கண்ணாடின்னா அதுவே ஒரு பச்ச ஃபில்டரு, இரும்பு கம்மியான கண்ணாடியில அந்தத் தொல்ல கம்மி.

இப்ப உங்க கேசு. விக்கிறவரு போட்டோவுல கோரலப் பாக்காதீங்க, கோரல் இல்லாததப் பாருங்க. மணல் என்ன நெறம்? கல்லு என்ன நெறம்? ஃப்ராக்னா (வெட்டுன கோரல் துண்டு) அத ஒட்டியிருக்கற பிளக் கட்டை என்ன நெறம்? பிளக்கு சாம்பல் வெள்ள, அது நமக்குத் தெரியும். நீல லைட்டுல அது நீலமாத்தான் இருக்கணும். பிளக்கு மங்கிப்போயி, கோரல் மட்டும் தணல் மாதிரி இருந்தா ஆரஞ்சு ஃபில்டர் போட்டிருக்காங்க. அந்த ஃபில்டர் நீலத்த வடிகட்டி ஒளிர்வ மட்டும் உள்ள விடும். பிளக்கு பக்கத்துக் கல்லோட சேந்து அடர் ஊதாவா, பிளாஸ்டிக் பூ மாதிரி இருந்தா சாச்சுரேஷன இழுத்து விட்டுட்டாங்கன்னு அர்த்தம். பின்னாடி நெழலெல்லாம் கன்னங்கரேல்னு இருந்தா நெழல அமுக்கி கோரலத் தூக்கியிருக்காங்க.

உங்க படத்துல மணல் எப்படிங்கக்கா இருக்கு?

#5 கடற்குதிரை65 (சிங்கப்பூர்)

ஆழி அண்ணா, லென்ஸ் தம்பி, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இப்பதான் அந்த போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மணல் ஊதா. சும்மா நீலம் இல்லை, திராட்சை ஜூஸ் சிந்தின மாதிரி. மேல் மூலையில் அவரோட கட்டைவிரல் கொஞ்சம் வந்திருக்கு, அது கத்திரிக்காய் நிறம். வாங்கும்போது என் கண்ணு கோரலை விட்டு நகரவே இல்லை.

ஆழி அண்ணா கேட்டதுக்கு: என் விளக்கில் ஊதா சானல் தனியா இருக்கு. நான் அதை அணைச்சு வெச்சிருந்தேன். போட்டா வெளிச்சம் கூடின மாதிரியே தெரியலை, எதுக்கு கரண்ட் வீணாகுதுன்னு நினைச்சேன்.

#6 ஆழி_அன்பன் (பினாங்கு)

அங்கேதான் பாதி விடை இருக்கிறது.

#7 ஸ்கார்பரோ_ரீஃப் (ரொறன்ரோ)

எல்லாருக்கும் வணக்கம். விக்கிற ஆக்களின்ர பக்கத்தையும் ஒருக்கா சொல்லவேணும். நான் பன்னிரண்டு வருசமா வீட்டு நிலவறையில ஃப்ராக் வெட்டி விக்கிறனான். நானும் படத்தை எடிட் பண்ணுறனான்தான். ஒளிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை.

லென்ஸ் தம்பி சொன்னது சரி. எடிட் பண்ணாமல் போட்டால் வாங்க வாறவைக்கு நீலக் குழம்புதான் தெரியும், கோரல் தெரியாது. நான் என்ன செய்யிறனான் எண்டால், கணினியைத் தொட்டிக்குப் பக்கத்திலயே வச்சுக்கொண்டு கோரலைப் பாப்பன், திரையைப் பாப்பன், பிறகும் கோரலைப் பாப்பன். ரெண்டும் ஒண்டா வருமட்டும் கெல்வினையும் வெளிச்சத்தையும் மட்டும் அசைப்பன். சாச்சுரேஷனிலை கை வைக்கிறேல்லை. அது தான் என்ர கோடு. இதிலயும் ஒரு கரைச்சல் இருக்குது: கண் கண்ட பச்சை ஒளிர்வைச் சாதாரணத் திரையால காட்டவே ஏலாது. எஸ்ஆர்ஜிபி எண்ட திரையின்ர நிற எல்லைக்குள்ள அந்தப் பச்சை அடங்காது. நேரில பாத்தால் படத்தை விட வடிவு எண்டு சொல்லுற கோரலும் இருக்குது.

சந்தையில எல்லாரும் ஊதாவை ஏத்திப் போடேக்க, நேர்மையா எடுத்த என்ர படம் பக்கத்தில செத்துப்போன மாதிரித் தெரியும். போன வருசம் ஒரு நல்ல ஹாமர் கோரல் ரெண்டு மாசம் விலைப்படாமல் கிடந்தது. பிறகு ஒராள் வீட்டை வந்து பாத்துட்டு, "இது இவ்வளவு வடிவோ!" எண்டு அந்த இடத்திலயே வாங்கிக்கொண்டு போனவர். அது எனக்கு மனம் நொந்த விசயம். இப்ப நான் ஒவ்வொண்டுக்கும் ரெண்டு படம் போடுறன்: ஒண்டு என்ர வழமையான நீல லைட்டில, மற்றது வெள்ளையைக் கூட்டி. ரெண்டுக்கும் கீழ விளக்கு அளவு எழுதுறன். எழுதத் தொடங்கின பிறகு முறைப்பாடு குறைஞ்சுபோச்சு.

தங்கச்சி, அவரிட்டை எடிட் பண்ணாத அசல் ஃபைலையும் விளக்கு அளவையும் கேளுங்கோ. மரியாதையாக் கேட்டால் கனபேர் தருவினம்.

#8 மெட்டல்ஹாலைட் (மெல்பர்ன்)

கண்ணுக்குப் பொருந்தற மாதிரி எடிட் பண்றதுன்னு சொல்றீங்க சகோ, எந்த விளக்குக்குக் கீழ இருக்கிற கண்ணுக்கு? என் சண்டை எடிட்டிங்கோட மட்டும் இல்லை. கோரல் வாழற நாள் முழுக்க நீலத்தில் வெச்சு, அதுதான் அதோட நிறம்னு ஒரு தலைமுறையே பழகிப் போச்சு. மஞ்சள் டாங் மீன் என்ன நிறம்னு என் தொட்டியில் தெரியும். நீலத் தொட்டியில் அது வெளிறின பச்சையா நீந்துது, அதைப் பார்த்தா பாவமா இருக்கு. குரோமோபுரதம் பத்தி ஆழி சொன்னது என் வாதத்துக்குத்தான் பலம். வெள்ளையே இல்லாம வளர்த்தா அக்ரோவோட ஊதாவை யாரு பார்க்கிறது?

#9 ஆழி_அன்பன் (பினாங்கு)

பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். மற்றப் பாதி: கடலில் சிவப்பு ஒளி முதல் சில மீட்டர்களிலேயே தண்ணீரால் உறிஞ்சப்பட்டுவிடும். பதினைந்து இருபது மீட்டரில் வாழும் கோரலுக்குப் பகல் என்பதே நீலம்தான். அதனால் நீல விளக்கைப் பொய் விளக்கு என்று என்னால் சொல்ல முடியாது. சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் ஜோர்க் வீடன்மன் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், கோரல் தன் நிறமிகளைக் கூட்டுவதைத் தூண்டுவது குறிப்பாக நீல ஒளிதான் என்று காட்டினார்கள். நீலம் நிறத்தைக் காட்டவும் செய்கிறது, உண்டாக்கவும் செய்கிறது. நிறம் உண்டாக வாரக்கணக்கில் ஆகும். காட்டுவதற்கு ஒரு பொத்தானே போதும். விற்பனைப் படங்களில் இந்த இரண்டும் கலந்துபோவதுதான் எனக்கு வருத்தம்.

#10 உப்புக்காத்து (சென்னை)

அண்ணா, படிக்கப் படிக்க ஆசையா இருக்கு. நான் க்ளவுன்ஃபிஷ் மட்டும் வெச்சிருக்கேன். இங்க ட்ராக்கி எங்க கிடைக்கும்? நீல லைட் ஏற்கெனவே வாங்கிட்டேன்.

#11 ஆழி_அன்பன் (பினாங்கு)

தம்பி, இந்தியாவில் வேண்டாம். ட்ராக்கி, அக்ரோபோரா, ஹாமர் போன்ற கல்பவளங்கள் எல்லாமே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. யாராவது ரகசியமாகத் தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள். அது மன்னார் வளைகுடாவிலிருந்தே உடைத்து வந்ததாகவும் இருக்கலாம். அந்த நீல விளக்கை வைத்து மீன்களைப் படமெடுக்கப் பழகுங்கள், லென்ஸ்கோவை சொன்னது எல்லாம் அதற்கும் பொருந்தும்.

#12 உப்புக்காத்து (சென்னை)

சரிண்ணா, புரிஞ்சுது. எங்க தாத்தா ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்துக்காரர். சின்ன வயசுல அவர் படகில் போய் எட்டிப் பார்த்திருக்கேன், பவளம் எல்லாம் எனக்குப் பழுப்பாத்தான் தெரிஞ்சுது. இணையத்தில் கலர் கலரா பார்க்கிறப்ப, நம்ம கடல்ல மட்டும் ஏன் இப்படின்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன்.

#13 மெட்டல்ஹாலைட் (மெல்பர்ன்)

உப்புக்காத்து தம்பி, நம்ம கடலுக்கு ஒரு குறையும் இல்லை. இங்க கிரேட் பாரியர் ரீஃப்லயும் ஆழமில்லாத இடத்தில், வெயிலில், பெரும்பாலான கோரல் பழுப்பும் ஆலிவ் பச்சையும்தான். நிறமா இருக்கிறது அங்கங்க ஒண்ணு. பழுப்புன்னா பாசி இருக்கு, சாப்பாடு இருக்குன்னு அர்த்தம். நீங்க பார்த்தது அப்படி உயிரோட இருந்த பவளமாத்தான் இருக்கணும்.

#14 ஆழி_அன்பன் (பினாங்கு)

இதைப் படித்ததும் கடற்குதிரைக்கு ஓர் எச்சரிக்கை சொல்லத் தோன்றுகிறது. சிவப்பு வரவேண்டும் என்று ஊதாவையும் நீலத்தையும் ஒரே நாளில் ஏற்றிவிடாதீர்கள்.

முன்பு சொன்ன கண்ணின் கதையேதான் இங்கே ஆபத்து. ஊதாவையும் நீலத்தையும் நம் கண் சரியாகப் பார்ப்பதில்லை, பாசி நன்றாகவே பார்க்கிறது. பச்சையத்தின் உறிஞ்சல் உச்சமே 430, 440 பக்கம்தான். தொட்டி மங்கலாக இருக்கிறதே என்று ஏற்றுவீர்கள், கோரலுக்கு அது கடும் வெயில். பார் மீட்டர் (பாசிக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் கருவி) இரவல் கிடைத்தால் அளந்து பாருங்கள். ட்ராக்கி மணலில் கிடக்கும் கோரல், 80 முதல் 120 வரை போதும். ஊதா சானலை வாரத்துக்கு 5% மேல் ஏற்ற வேண்டாம், கூடவே வெள்ளையைக் கொஞ்சம் இறக்குங்கள்.

இன்னொன்று. கோரல் திடீரென்று நியான் மாதிரி மின்ன ஆரம்பித்தால் சந்தோஷப்படாதீர்கள். 2020இல் அதே சவுத்தாம்டன் குழு விளக்கியது: வெப்பம் போன்ற அழுத்தத்தில் பாசி வெளியேறும்போது, உள்ளே ஒளியை உறிஞ்ச ஆள் இல்லாமல் வெள்ளை எலும்புக்கூட்டில் பட்டுப் பட்டு ஒளி பெருகுகிறது. அந்த ஒளி மேலும் நிறமியைத் தூண்டுகிறது. வண்ண வெளிறல் என்கிறார்கள். விற்பனைப் படத்தில் வெளிறிய அடித்திசுவின்மேல் நியான் நிறம் இருந்தால், எடிட்டிங் ஒன்றும் இல்லாவிட்டாலும் நான் வாங்கமாட்டேன்.

#15 லென்ஸ்கோவை (துபாய்)

அக்கா, ஏத்தறதுக்கு முன்னாடி இன்னிக்கே ஒரு படம் எடுத்து வெச்சுக்கோங்க. அதே லைட் அளவு, அதே எடம், மேனுவல்ல அதே ஷட்டர், அதே ஐஎஸ்ஓ, அதே கெல்வின். பக்கத்துல அந்த பிவிசி துண்டு கட்டாயம் இருக்கோணும். கண்ணு பழகிரும், ஒரு மாசங்கழிச்சு மாறுச்சா இல்லையான்னு மனசு சொல்றத நம்ப முடியாதுங்க. லைட் அளவ மாத்திட்டுத்தான் எடுப்பேன்னா அது ஒப்பீடு ஆகாது. படம் எடுக்கறப்ப மட்டும் பழைய 60-70க்குக் கொண்டாந்து எடுங்க.

#16 கடற்குதிரை65 (சிங்கப்பூர்)

ஏழு வாரம் ஆச்சு. யாருக்காவது உதவும்னு திரும்ப வந்து எழுதறேன்.

முதல்ல விற்றவர். ஸ்கார்பரோ அண்ணன் சொன்ன மாதிரி மரியாதையா கேட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அசல் ஃபைல் அனுப்பினார். அசல் படத்தில் மணல் நீலம், கோரல் செங்கல் சிவப்பு, பச்சை அதில் கலந்துதான் இருக்கு. போனிலேயே நிறத்தை ஏத்தினதா ஒத்துக்கிட்டார். "எல்லாரும் ஏத்தறாங்க, ஏத்தாட்டி யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லை"ன்னார். கோரலைத் திருப்பி எடுத்துக்கிறேன்னும் சொன்னார். நான் தரலை. அவர் விளக்கில் ஊதா சானல் 80%, வெள்ளை வெறும் 5%.

என் தொட்டி: ஊதாவை 0லிருந்து வாரம் 5% ஏத்தி இப்ப 35%. வெள்ளை 60லிருந்து 40. இரவல் பார் மீட்டரில் மணல் மட்டத்தில் 105 காட்டிச்சு. மூணாவது வாரம் வரைக்கும் ஒண்ணுமே இல்லை, விட்டுடலாம்னு தோணிச்சு. அஞ்சாவது வாரம் மேல் மடிப்பெல்லாம் துருப்பிடிச்ச மாதிரி ஆச்சு. இப்ப வெளிச்சம் நேரா விழற மேல்பக்கம் செங்கல் சிவப்பு. மடிப்புக்குள்ள நிழல் விழற இடம் இன்னும் பச்சைதான். ஆழி அண்ணா சொன்ன ஜன்னலோரக் குப்பி கதையை என் கோரலே உடம்பில் எழுதிக் காட்டற மாதிரி இருக்கு. முதல் நாள் படத்தையும் இன்னைக்குப் படத்தையும் லென்ஸ் தம்பி சொன்னபடி அதே அளவில் எடுத்து இணைச்சிருக்கேன். பிவிசி துண்டு ரெண்டிலயும் ஒரே நிறமா இருக்கு, பார்த்துக்கோங்க.

விற்பனைப் போட்டோவில் இருந்த நெருப்பு வரலை, வரவும் வராது. அது மணலையே ஊதாவாக்கின நெருப்பு. காலையில் வெள்ளை ஏறும்போது பழுப்பும் சிவப்பும், சாயங்காலம் வெள்ளை இறங்கி நீலம் மட்டும் நிக்கிற அரை மணி நேரம் பச்சைக் கோடு. என் பொண்ணு ஸ்கூல் விட்டு வந்து அந்த அரை மணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துக்கிறா.

#17 லென்ஸ்கோவை (துபாய்)

ரெண்டு படத்தையும் திறந்து பாத்தனுங்க. வெள்ளத் துண்டோட அளவு ரெண்டுலயும் ஒத்துப் போகுது, அப்ப மாறுனது கோரல்தான். அருமைங்கக்கா.

#18 ஸ்கார்பரோ_ரீஃப் (ரொறன்ரோ)

வடிவான கோரல். அந்தக் காலமைப் படத்தையும் ஒருக்காப் போட்டுவிடுங்கோ, வெள்ளை முழுக்க ஏறின நேரத்தில எடுத்தது. மெட்டல்ஹாலைட் அண்ணைக்கும் காட்டவேணும்.